முடிவாகாத சுற்றுக்கு எனாமல் கம்பி

துளைகள் நிறைந்த டாட் போர்டின் ஒரு பக்கத்தில் ஐசிகளையும் ரெசிஸ்டர்களையும் செருகிவிட்டு, மறுபக்கத்தில் தையல் நூல் தடிமனே உள்ள எனாமல் ஒயரால் காலுக்குக் கால் சால்டர் வைத்து இணைத்துக்கொண்டே போகும் வேலை இன்று பலருக்கு வீண் சிரமமாகத் தெரிகிறது. காரணம் இல்லாமல் இல்லை. சில டாலர் கொடுத்தால் ஐந்து பிசிபி அச்சடித்து அனுப்ப ஷென்ஜென் தொழிற்சாலைகள் தயாராக நிற்கின்றன. சுற்று வரையும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பச்சை மாஸ்க் பூசி, எழுத்து அச்சிட்டு வந்து சேரும் பலகையின் பக்கத்தில், கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் பலகை எடுபடுவதில்லை. இந்த முறையைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் இரண்டு வார்த்தைகளில் முடிந்துவிடுகிறது. பிசிபி எட்டாத காலத்தின் ஏழைத் தீர்வு என்பார்கள் சிலர்; கைவேலையின் அழகு என்று கொண்டாடுவார்கள் வேறு சிலர். அந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்பதை இருவருமே பார்ப்பதில்லை. அச்சுப் பலகை, சுற்றைப் பற்றிய முடிவுகள் அனைத்தையும் சோதனைக்கு முன்பே எடுத்துவிடச் சொல்கிறது. எனாமல் கம்பியோ அந்த முடிவுகளைச் சோதனைக்குப் பிறகு எடுக்க இடம் கொடுக்கிறது. ஒரு சுற்று இன்னும் முடிவாகாத கட்டத்திலும், முடிவான சுற்று பழுதாகி மறுபடி கேள்விக்குள்ளாகும் கட்டத்திலும் கம்பிக்கு ஈடாக வேறொன்றும் இன்றுவரை வரவில்லை. இடையிலுள்ள உற்பத்திக் கட்டத்தில்தான் அதற்கு வேலையில்லை. இதுவே என் கருத்து.

உற்பத்தியிலிருந்து கம்பி வெளியேறியதற்கு மின்னியலைவிடக் கூலிக் கணக்கே பெரிய காரணம். வியன்னாவில் பிறந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த பால் ஐஸ்லர் 1936 வாக்கில் அச்சிட்ட சுற்றைக் கொண்டு ஒரு வானொலிப் பெட்டியைச் செய்தார். கம்பி இணைக்கும் பெண் தொழிலாளர்களே இதைவிட மலிவு, மாற்றங்களுக்கும் வளைந்துகொடுப்பார்கள் என்று சொல்லி ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் அதை மறுத்துவிட்டதாக அவர் வரலாறு சொல்கிறது. பெண்களின் உழைப்பை அவ்வளவு இழிவாக மதித்த பதில்தான். ஆனாலும் கம்பி வேலையில் எது மலிவு, எது வளைந்துகொடுப்பது என்ற இரண்டு கேள்விகளும் அதற்குள் அன்றே வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போரில், இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுகளுக்கு, பீரங்கியின் அதிர்ச்சியைத் தாங்கும் ஒரே மாதிரியான சுற்றுகள் ஏராளமாகத் தேவைப்பட்டபோதுதான் அச்சுச் சுற்றுக்குக் காலம் பிறந்தது. அதன் பிறகும் கம்பி உடனே தோற்றுவிடவில்லை. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950களிலும் 60களிலும், தன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அச்சுப் பலகையே கிடையாது, எல்லாம் கையால் இணைத்தவை என்பதையே விளம்பரமாக்கி விற்றது. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் ஆஸிலோஸ்கோப்புகளில் வெள்ளி பூசிய பள்ளங்கள் கொண்ட செராமிக் பட்டைகளில் உறுப்புகளைச் சால்டர் செய்தது. சாதாரண சால்டர் அந்த வெள்ளிப் பூச்சைக் கரைத்து எடுத்துவிடும் என்பதால், வெள்ளி கலந்த சால்டரில் ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பியது. என்றோ ஒருநாள் ஒருவர் மூடியைத் திறந்து இணைப்பை மாற்றுவார் என்று எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு அது. அன்றைய அளவீட்டுக் கருவிகளில் முன்வரிசையில் இருந்தவை அச்சு டிராக் இல்லாமலேயே அந்தத் துல்லியத்தை எட்டின.

வேகத்தின் உச்சியிலும் கம்பி இருந்தது. 1976-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குப் போன கிரே-1 சூப்பர் கணினி 12.5 நானோ செகண்டுக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில், அதாவது 80 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் தனித்தனிப் பலகைகள் அச்சிட்டவையே. ஆனால் பலகைகளை ஒன்றோடொன்று இணைத்தவை சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள முறுக்கிய இரட்டைக் கம்பிகள். எந்தக் கம்பியும் நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. சமிக்ஞை சரியான நேரத்தில் போய்ச் சேரும்படி ஒவ்வொரு கம்பியின் நீளமும் கணக்கிடப்பட்டிருந்தது. விஸ்கான்சினில் சிப்பெவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பெண் தொழிலாளர்கள் அவற்றைக் கையால் இணைத்தார்கள். கம்பி என்றாலே வேகத்துக்கு ஆகாது என்பவர்கள் இந்த இயந்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கம்பியின் நீளமும் இணையும் கட்டுக்குள் இருந்ததால்தான் அது தன் காலத்தின் மிக வேகமான கணினியாக ஆனது.

சுற்று முடிவாகாத கட்டத்தில் கம்பி என்ன செய்கிறது என்பதற்கு 1981-இல் கேம்பிரிட்ஜில் நடந்தது நல்ல சான்று. பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. ஏக்கார்ன் நிறுவனத்திடம் காகிதத்தில் வடிவமைப்பு இருந்ததே தவிர இயந்திரம் இல்லை. பிபிசி குழு பார்க்க வரும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. அச்சுப் பலகை செய்ய நேரமே கிடையாது என்பதால், சதுரக் கால்களில் கம்பியைச் சுற்றி இறுக்கும் ஒயர்-ராப் முறையில் முழுக் கணினியையும் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை விடியும்வரை அது ஓடவில்லை. சோதனைக் கருவியையும் பலகையையும் இணைத்திருந்த ஒயரைத் துண்டித்துப் பார்க்கலாமே என்று ஏக்கார்னின் ஹெர்மன் ஹவுசர் சொன்னார்; துண்டித்ததும் ஓடியது. காகிதத்தில் தெரியாத பிழை, கம்பியை எடுத்துப் பார்க்க முடிந்ததால் தெரிந்தது. 1984 ஜனவரியில் நடந்த அமெரிக்க நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் அமீகா கணினியைக் காட்டியபோதும் அதன் சிறப்புச் சிப்புகள் இன்னும் சிலிக்கானாக ஆகவில்லை. கம்பியால் இணைத்த பலகை அடுக்குகள்தான் அந்தச் சிப்புகளின் வேலையைச் செய்தன. இவை சால்டருக்குப் பதில் சுற்றி இறுக்கிய இணைப்புகள் என்பது உண்மை. ஆனாலும் கேள்வி ஒன்றே. ஒரு இணைப்பைப் போடவும் எடுக்கவும் ஆகும் விலை எவ்வளவு? ஒயர்-ராப்பில் ஒரு நிமிடம். எனாமல் ஒயரிலும் ஏறக்குறைய அதே. அச்சுப் பலகையில், புதிய பலகை வரும்வரையான நாட்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கம்பி என்றாலே மாற்றலாம் என்பது சரியா? சரியில்லை; அதற்கு அப்பல்லோ விண்கலக் கணினியே சாட்சி. அதன் நிலையான நினைவகத்தின் 36,864 சொற்களும் காந்த வளையங்களுக்குள்ளும் வெளியிலுமாகக் கம்பியைக் கோத்துச் செய்தவை. மாசசூசெட்ஸில் உள்ள ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் அதைக் கோத்தார்கள். வாரக்கணக்கில் பிடிக்கும் அந்த வேலை முடிந்தபின் ஒரு பிட்டைக்கூட மாற்றுவது பெரும்பாடு என்பதால், பயணத்துக்கு வெகு முன்பே நிரலை உறைய வைக்க வேண்டியிருந்தது. வன்பொருளைவிடக் கடினமாகிப்போன மென்பொருள் அது. அந்தக் காலக் கணினிகளின் ஃபெரைட் வளைய நினைவகங்களும், எழுதியதை மாற்ற முடிந்தாலும், கோத்த கம்பியைப் பொறுத்தவரை அப்படியே. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 1960-இல் பணிக்கு வந்த டிஃப்ராக் கணினியிலும் அத்தகைய நினைவகமே இருந்தது. எனவே என் வாதத்தைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். கம்பி என்ற பொருளுக்குத் தானாக எந்த நெகிழ்வும் இல்லை. இரு முனைகளும் வெளியே தெரிந்து, ஒவ்வொரு முனையையும் சால்டரிங் அயர்னால் தொட்டுப் பிரிக்க முடிந்து, அப்படிப் பிரிக்கும்போது பக்கத்து இணைப்பு கலையாமல் இருந்தால்தான் நெகிழ்வு. டாட் போர்டின் அடியில் எனாமல் ஒயர் இழுக்கும் முறை இந்த மூன்றையும் நிறைவேற்றுகிறது. மூன்றாவதை நிறைவேற்றுவது எனாமலின் வேதியியல்.

செம்புக் கம்பியின்மேல் பூசும் வார்னிஷ் பல வகை. அவற்றில் சால்டர் வேலைக்கு உகந்தது பாலியூரிதேன். ஜெர்மனியில் ஓட்டோ பாயர் 1937-இல் உருவாக்கிய அந்த வேதிப் பொருள் வரிசைக்கு ஒரு குணம் உண்டு: ஏறக்குறைய 370 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் பிணைப்புகள் பிரிந்து, பூச்சு புகையாகப் போய்விடுகிறது. ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். சால்டர் உருகும் வெப்பத்தில் பூச்சு அசையாது. அயர்ன் நுனியை 380, 400 டிகிரிக்கு ஏற்றினால் விட்டுவிடும். இந்த இடைவெளியில்தான் முழு முறையும் நிற்கிறது. அயர்ன் நுனியில் ஒரு சொட்டு புதுச் சால்டரை உருக்கி, அதற்குள் கம்பியின் முனையை 2 மி.மீ. அளவுக்கு நுழைத்துப் பிடிக்க வேண்டும். முதல் கணம் ஒன்றும் நடக்காது; சால்டர் கம்பியைத் தள்ளிவிடுவதுபோல் இருக்கும். பிறகு பூச்சு சுருங்கிக் கொப்பளிக்கும், மெல்லிய புகை எழும், வெட்டிய முனையிலிருந்து வெள்ளி நிறம் கம்பியின் மேல் ஏறிவரும். ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பூச்சு வெந்த எல்லை 1 மி.மீ.க்குள் நின்றுவிடும், அதைத் தாண்டி மீதிக் கம்பி முழுக்க உறையோடேயே இருக்கும். பிவிசி உறை போட்ட ஒயரை இப்படிச் செய்ய முடியாது. முதலில் உரிக்க வேண்டும், சூடு பட்டால் உறை சுருங்கிப் பின்வாங்கும், அருகில் வேறு இணைப்பைச் செய்யும்போது உருகும். 0.2 மி.மீ. கம்பியில் எனாமல் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியதே. அதனால் அருகருகே உள்ள ஐசி கால்களுக்கு இடையில் பல கம்பிகள் சங்கடமில்லாமல் போகின்றன. பிரிட்டனின் வீரோ நிறுவனம் இதே வகைக் கம்பியைப் பேனா வடிவக் கருவியில் சுருளாக அடைத்து விற்றது. கம்பியைக் காலைச் சுற்றி வளைத்து அடுத்த காலுக்குப் போகலாம். பலகையில் ஒட்டிய பிளாஸ்டிக் சீப்புகள் கம்பிகளை வரிசையில் பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் யுஇடபிள்யூ என்ற குறியோடு விற்கும் பாலியூரிதேன் கம்பி இந்த வேலை செய்வோரிடையே பரவலாகப் புழங்குகிறது.

நம் ஊரில் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் தவறான கம்பி. எனாமல் ஒயர் என்று கேட்டால் கடைக்காரர் கொடுப்பது பெரும்பாலும் மின்விசிறி, மோட்டார் காயில் கட்டும் ஒயர். எஸ்டபிள்யூஜி எண்ணில் 36 என்றால் 0.193 மி.மீ., 40 என்றால் 0.12 மி.மீ. என்று விட்டம் சரியாகவே இருக்கும். பூச்சுதான் வேறு. மோட்டார் சூடாகும், அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும் என்று பாலியெஸ்டர், பாலியெஸ்டர்-இமைடு, அதன்மேல் பாலியமைடு-இமைடு எனப் பூசியிருப்பார்கள். சூட்டைத் தாங்கவே செய்த அந்தப் பூச்சு அயர்னையும் தாங்கிவிடுகிறது. கறுத்துப் பிசுபிசுக்குமே தவிரப் போகாது. உப்புத்தாளாலோ பிளேடாலோ சுரண்டினால் மெல்லிய செம்பில் கீறல் விழுந்து, அந்த இடத்தில் இரண்டு முறை வளைத்தாலே ஒடியும். இப்படி ஒரு மாலை முழுக்கப் போராடிய மாணவர், முறையே உதவாது என்று முடிவுகட்டுவதில் வியப்பில்லை. வாங்கும்போதே கொஞ்சம் வெட்டி 390 டிகிரியில் சால்டர் சொட்டுக்குள் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று விநாடிகளில் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து மின்னியல். கம்பி வேலை ஒப்புக்குச் செய்வது, பிசிபிதான் உறுதியான மின் பாதை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிலைமை மாறுகிறது. வழக்கமான பிசிபியில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். 0.25 மி.மீ. அகல டிராக்கின் குறுக்குப் பரப்பு 0.00875 சதுர மி.மீ. 0.2 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 0.0314 சதுர மி.மீ., அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். 10 செ.மீ. நீளத்துக்கு டிராக்கின் தடை சுமார் 0.2 ஓம், கம்பியின் தடை 0.055 ஓம். இரண்டின் கணக்கும் சமமாக வேண்டுமானால் கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கி 0.1 மி.மீ. எடுக்க வேண்டும், அப்போதுதான் டிராக்கின் அளவுக்கு இறங்கி வருகிறது. கம்பிக்கு மற்றொரு பெரிய வசதி, ஒரு கம்பிக்கு மேலே இன்னொரு கம்பி போகலாம். இரண்டு பக்கப் பலகையில் டிராக்குகள் குறுக்கிட வேண்டுமானால் துளை போட்டு மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டும். நெருக்கமான சுற்றில் நான்கு அடுக்குப் பலகை கேட்கும். உறையுள்ள கம்பி இந்தக் கவலையே இல்லாமல் இரண்டு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழியில் போகிறது. இதன் மதிப்பை உணர்ந்தே ஃபோட்டோசர்க்யூட்ஸ் நிறுவனம் உறையிட்ட மெல்லிய கம்பியை இயந்திரத்தால் பலகையின் பசையில் பதித்துச் செல்லும் மல்டிவயர் முறையை உருவாக்கியது. பிறகு ஹிட்டாச்சி அதைத் தொடர்ந்தது.

அதிவேகச் சுற்றுகளில் என்ன ஆகும் என்பதே வலுவான மறுப்பு. காற்றில் தொங்கும் 10 செ.மீ. கம்பிக்கு 100 நானோஹென்றிக்கு மேல் இண்டக்டன்ஸ் உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் அது 60 ஓமுக்கு மேற்பட்ட தடங்கல், செம்பின் 0.055 ஓம் அங்கே பொருட்டே இல்லை. கிரவுண்டை ஒற்றைக் கம்பியாகச் சங்கிலிபோல் ஐசிக்கு ஐசி இழுத்துச் சென்றால், ஒரு சிப் சுவிட்ச் ஆகும்போது மற்ற எல்லாச் சிப்பின் கிரவுண்டும் ஆடும். கம்பி வேலைமீதான புகார்களில் பாதி உண்மையில் இந்த ஒரு பிழையைப் பற்றியவை. இதற்கு விடை கம்பியைக் கைவிடுவதில் இல்லை, கிரவுண்டைத் தளமாக்குவதில் இருக்கிறது. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் ஜிம் வில்லியம்ஸ் 1991-இல் வெளியிட்ட 47-ஆம் பயன்பாட்டுக் குறிப்பைப் பார்க்கலாம். அதிவேகப் பெருக்கிகளை எப்படிக் கையாள்வது என்பதே அதன் பொருள். அதில் அவர் காட்டும் சோதனைச் சுற்றுகள் வெறும் செம்புத் தகடு ஒட்டிய பலகைமேல் கையால் கட்டியவை. தகடு முழுவதும் கிரவுண்ட். உறுப்புகள் அதன்மேல் நிற்கும். இணைப்புகள் முடிந்தவரை குட்டை. நானோ செகண்டு அளவில் எழும் துடிப்புகளை அளக்க அந்தக் கட்டுமானமே போதுமானதாக இருந்தது. இங்கே எனாமல் ஒயருக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. உறை மெல்லியது என்பதால் கம்பியைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைக்கலாம். தகட்டை நெருங்க நெருங்க மின்னோட்ட வளையத்தின் பரப்பு குறைந்து இண்டக்டன்ஸும் குறைகிறது. தடித்த பிவிசி ஒயர் அவ்வளவு அருகில் வரவே முடியாது. நீண்ட தூரம் போக வேண்டிய சமிக்ஞையோடு ஒரு கிரவுண்ட் கம்பியையும் முறுக்கிப் போடலாம். ஒவ்வொரு ஐசியின் மின்கால்களுக்கு நேர்குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கம்பியே இல்லாமல் நேரடியாகச் சால்டர் செய்யலாம். இவற்றைச் செய்துவிட்டால் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரும் 74எச்சி வரிசைச் சிப்புகளும் பத்து இருபது மெகாஹெர்ட்ஸில் ஓடுவதில் சிரமமே இல்லை. இன்றைய பள்ளி, கல்லூரி, சிறுதொழில் திட்டங்களில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே வருகிறது.

நம்பகத்தன்மை பற்றிய கேள்வியை இவ்வளவு எளிதாகத் தீர்க்க முடியாது. எனாமல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கலாம். கம்பித் தரநிர்ணயங்களே குறிப்பிட்ட நீளத்துக்குச் சில குறைகள் வரை அனுமதிக்கின்றன. வெட்டிவிட்ட உறுப்புக் காலின் கூர்முனை மேல் கம்பி இறுக்கமாக வளைந்து கிடந்தால், நாளடைவில் பூச்சு அழுந்தி விலகி ஷார்ட் ஆகும். மிக மெல்லிய கம்பியை உருகிய சால்டரில் அதிக நேரம் வைத்தால் தகரம் செம்பைக் கரைத்துவிடும். பார்வைக்கு நல்ல இணைப்பு, உள்ளே கம்பி பாதியாகத் தேய்ந்திருக்கும். அயர்ன் நுனியை இப்படித்தான் சால்டர் தின்கிறது என்பதால்தான் மல்ட்டிகோர் நிறுவனம் சிறிது செம்பு கலந்த சேவ்பிட் என்ற சால்டரை விற்றது. இவை உண்மையான குறைகள். ஆனால் இவற்றில் எதுவும் தவிர்க்க முடியாத குறை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கால்களை வெட்டி மழுக்கிவிட்டு, கம்பியைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, இரண்டு செ.மீ.க்கு ஒரு பொட்டுப் பசை வைத்தால் முதல் இரண்டும் பெரும்பாலும் தீரும். உற்பத்தித் துறையே இந்த இணைப்புகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மின்னணுத் துறைக்குத் தரங்களை வகுக்கும் ஐபிசி அமைப்பின் 7711/7721 பழுதுநீக்க நடைமுறைகளில் ஜம்பர் கம்பி பதிப்பதற்கென்று தனிப் பகுதி உண்டு. 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரம் கணினியின் முதல் பதிப்புப் பலகைகளில், அச்சடித்த பிறகு தெரியவந்த பிழைக்காக ஒரு சிறு சிப்பைக் கவிழ்த்து ஒட்டிக் கம்பியால் இணைத்துத்தான் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினார்கள். அச்சுப் பலகையின் முடிவு தவறிப்போனால் அதைத் திருத்த வருவதும் கம்பியே.

இந்த இடத்தில்தான் பழுதுபார்க்கும் தொழில் முக்கியமாகிறது. சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர்களின் மொபைல் சர்வீஸ் கடைகளிலும் நுண்ணோக்கிக்குக் கீழே நாள்தோறும் நடக்கும் ஜம்பர் அடிக்கும் வேலை, உண்மையில் நம்மிடையே மிகப் பரவலாக உயிரோடிருக்கும் எனாமல் ஒயர்க் கலை. ஐபோன் 7-இல் வரும் ஆடியோ ஐசி பழுது இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. போன் வளைந்து கொடுக்கும்போது ஆடியோ சிப்புக்கு அடியில் சி12 என்று குறிக்கப்படும் பேட் டிராக்கிலிருந்து விட்டுப்போகிறது. ஸ்பீக்கர் பொத்தான் மங்கிவிடும், குரல் பதிவு நடக்காது, போன் ஆன் ஆக நெடுநேரம் எடுக்கும். சிப்பை மட்டும் மாற்றினால் சில நாட்களில் பழுது திரும்பும். காரணம் சிப்பில் இல்லை, பலகையில் இருக்கிறது. எனவே ஹாட் ஏரால் சிப்பைத் தூக்கி, பேடைச் சுத்தம் செய்து, விட்டுப்போன டிராக்கின் மாஸ்க்கைக் கூர்முனையால் சுரண்டிச் செம்பை வெளிக்காட்டி, 0.02 மி.மீ. கம்பியால் அந்தப் பேடுக்கும் டிராக்குக்கும் பாலம் போடுவார்கள். அதன்மேல் புற ஊதா ஒளியில் இறுகும் பச்சை மாஸ்க்கை ஒரு துளி வைத்து, கம்பி அசையாமல் உறையவிட்டு, பிறகே சிப்பை மறுபடி உட்காரவைப்பார்கள். 5 மி.மீ. நீளத்தில் அந்தக் கம்பியின் தடை கால் ஓமை ஒட்டி இருக்கும். ஒலிச் சமிக்ஞைக்கு அது ஒன்றுமேயில்லை. பேட்டரி மின்சாரம் போகும் வழியில் அதே கம்பியைப் போட்டால் சூடாகும். அங்கே தடித்த கம்பி வேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவர் சொல்லாமலே செய்கிறார். கம்பி வேலை பழையது, போய்விட்டது என்போர் இந்தக் கடைகளுக்கு முன்னால் சற்று நின்று பார்க்க வேண்டும். பல அடுக்குப் பலகையும் கண்ணுக்குத் தெரியாத பேடுகளும் வந்த பிறகு கம்பி இன்னும் மெல்லியதாகி உள்ளே போயிருக்கிறது.

கம்பிகள் பெருகினால் யாருக்கும் புரியாது, செய்தவருக்கே ஒரு மாதத்தில் மறந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. நியாயமான கவலைதான். ஆனால் குழப்பம் பலகையில் தொடங்குவதில்லை, தாளில் தொடங்குகிறது. சுற்று வரைபடத்திலிருந்து இணைப்புப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கம்பி போட்டதும் மல்டிமீட்டரின் பீப் ஒலியால் உறுதி செய்து, அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவருக்கு இருநூறு இணைப்புகளும் ஒழுங்காகவே வந்துசேரும். பாலியூரிதேன் கம்பி சிவப்பு, பச்சை, இயற்கைச் செம்பு நிறம் எனக் கிடைப்பதால் மின்சாரம், கிரவுண்ட், சமிக்ஞை என்று பிரித்துக்கொள்ளலாம். பட்டியல் இல்லாமல் செய்தால் பிசிபியும் புரியாது. உள் அடுக்கில் மறைந்த டிராக்கை யாராலும் கண்ணால் தொடர முடியாது.

செலவுக் கணக்கில் நான் கம்பிக்கு அதிகம் கேட்கவில்லை. ஒரு இணைப்புக்கு இரண்டு நிமிடம் என்றால் இருநூறு இணைப்புக்கு ஏழு மணி நேரம். ஒரு நாள் வேலை. அதே சுற்றுக்குப் பலகை வரையவும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும், பிறகு கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும், சுங்கமும் கட்ட வேண்டும். முதல் பிரதியில் கம்பி முந்துகிறது. இரண்டாவதில் சமம். மூன்றாவது பிரதி தேவைப்பட்டால் பிசிபி வரைந்துவிடுவதே அறிவு. பத்து பிரதிகளைக் கையால் கட்டுவது உழைப்பை வீணடிப்பது. அவற்றில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இராது என்பதும் தொல்லை.

ஐடிஐகளில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவிலும் பாலிடெக்னிக்குகளிலும் இந்தத் திறமையை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பிரெட்போர்டில் குத்திய ஜம்பர் ஒயர்களும் தயார்நிலை மாட்யூல்களும் செய்து காட்டும் வரைக்கும் உதவும். மேசையை அசைத்தால் விட்டுப்போகும். அங்கிருந்து மாணவர் நேராகப் பிசிபி மென்பொருளுக்குத் தாவும்போது, சுற்றின் நடத்தை தெரியாமலேயே அதற்கு உருவம் கொடுக்கிறார். இடையில் உள்ள படியைத்தான் எனாமல் ஒயர் தருகிறது: ஓட்டிப் பார்க்கலாம், எடுத்துச் செல்லலாம், ரெசிஸ்டரை மாற்றலாம், தவறிய இணைப்பைத் தொட்டு நகர்த்தலாம். படித்து முடித்தபின் மொபைல் சர்வீஸ் கடையில் உட்காரப் போகிறவருக்கோ அது நேரடியான தொழிற்கல்வி. ஆனால் ஒரு நிபந்தனையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பாலியூரிதேன் வெந்து எழும் புகையில் ஐசோசயனேட் உண்டு. பிளக்ஸில் உள்ள ரோசின் புகையோடு சேர்ந்து இரண்டுமே தொழில்வழி ஆஸ்துமாவுக்குத் தெரிந்த காரணங்கள். முப்பது பேர் ஒரே அறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு 390 டிகிரியில் கம்பி சுடுவதை அனுமதிக்கக் கூடாது. மேசைக்கு ஒரு புகை உறிஞ்சும் விசிறியும், காற்று வெளியேற வழியும் இல்லாத இடத்தில் இந்தப் பாடத்தைத் தொடங்கவே வேண்டாம்.

கம்பி எட்டாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். அடிப்புறம் முழுக்க சால்டர் உருண்டைகள் கொண்ட, 0.4 மி.மீ. இடைவெளிச் சிப்புகளை முழுவதுமாகக் கம்பியால் இணைப்பது வீண் முயற்சி. ஓரிரு பேடுகளுக்குப் பாலம் போடலாம், அதற்கு மேல் இல்லை. அத்தகைய சிப்பு வேண்டுமானால் அதைத் தாங்கிய சிறு அடாப்டர் பலகையை வாங்கி, அதன் கால்களிலிருந்து கம்பி இழுப்பதே வழி. மெகாஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் மின்னழுத்த மாற்றிச் சுற்றுகளில் சிப்புத் தயாரிப்பாளர் தாளில் வரைந்து காட்டும் செம்பு வடிவமே சுற்றின் ஒரு உறுப்பு; அதைக் கம்பியால் நிரப்ப முடியாது, அந்தப் பகுதியை மட்டும் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். 230 வோல்ட் நுழையும் பக்கத்திலோ, எனாமல் பல நூறு வோல்ட்டைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் மெல்லிய கம்பியை இழுக்கவே கூடாது. அங்கே ஒரு நுண்துளை போதும். ரிலேயின் மின்கால்களுக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் முதற்சுற்றுக்கும் தடித்த உறை போட்ட ஒயரும், இரு பக்கத்துக்கும் நடுவே 6 மி.மீ.க்குக் குறையாத வெற்றிடமும் வேண்டும். எனாமல் ஒயர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ள வேண்டும்.